பதிவேட்டில் இல்லாத கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குச் சோதனை பற்றி இரண்டு வாரமாக உங்கள் வாசகர் பகுதியில் கடிதங்கள் வருகின்றன. ஒருவர் அடியோடு நிறுத்து என்கிறார். இன்னொருவர், எலிக்குப் பாவம் பார்த்தால் மருந்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார். இருவருமே கூண்டுக்குள் கை விட்டவர்கள் இல்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது. நான் விட்டிருக்கிறேன். 1984 முதல் 2015 வரை ஒரு மருந்தியல் கல்லூரியின் அனிமல் ஹவுஸில், அதாவது சோதனை விலங்குகளை வைத்திருக்கும் இடத்தில், அட்டெண்டராக இருந்தவன் நான். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி போடுவது, பிராக்டிகல் நாளில் எலியைப் பிடித்து மேசைக்குக் கொண்டுபோவது, முடிந்ததும் திரும்ப எடுத்து வருவது, அல்லது எடுத்து வராமல் இருப்பது. இதுதான் 31 வருஷ வேலை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள் வயிற்றுப் பேத்தி. பி.பார்ம் படிக்கிறாள். போன மாதம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அப்புச்சி, இதைப் பாருங்க, உங்க வேலை" என்றாள். திரையில் ஒரு பொம்மைச் சுண்டெலி. பட்டனைத் தட்டினால் அது ஒரு தட்டின் மேல் ஏறி நிற்கிறது, கடிகாரம் ஓடுகிறது, பின்னங்காலை நக்குகிறது, கடிகாரம் நிற்கிறது. "நிஜத்திலும் இப்படித்தானா?" என்று கேட்டாள். ஏறக்குறைய இப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தத் தட்டுக்கு ஹாட் பிளேட் என்று பெயர். 55 டிகிரியில் வைத்திருப்பார்கள். தோசைக்கல் சூடு இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தேன். ஆறு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். வலி மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் வலி வேண்டும், அதற்குத்தான் தட்டு. சுண்டெலியை அதில் விட்டு, அது பின்னங்காலை நக்கவோ துள்ளவோ எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் குறிக்க வேண்டும். மருந்து ஊசி போட்ட எலி தாமதமாக நக்கும். 15 வினாடிக்குள் நக்காவிட்டாலும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் வெந்துபோகும்.

எல்லா எலிக்கும் மருந்து போடுவதில்லை என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பாதி எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர்தான். அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை, புரிகிறது. எந்த எலி எது என்று அடையாளம் தெரிய பிக்ரிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துத் தலையில், முதுகில், வாலில் என்று மஞ்சள் புள்ளி வைப்போம். அந்த மஞ்சள் என் விரலை விட்டுப் போக நாலைந்து நாள் ஆகும். வீட்டில் சாப்பிடும்போது மனைவி பார்த்துவிட்டு, "இன்னைக்கும் பிராக்டிகலா?" என்பாள்.

1993 என்று நினைவு. வாலில் மஞ்சள் வைத்த எலி. உப்புத் தண்ணீர் கோஷ்டி. மாணவர்கள் இரண்டு பேர், வாட்சை நீ அழுத்தினாயா நான் அழுத்தினேனா என்று வாக்குவாதம். எலி நக்கியது, அவர்கள் பார்க்கவில்லை. துள்ளியது, சுற்றி இருந்த கண்ணாடிக் குழாயில் முட்டிக்கொண்டு திரும்பத் தட்டில் விழுந்தது. சார் அடுத்த மேசையில் இருந்தார். நான் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வினாடி என்று சொல்லத் தெரியாது, வாட்ச் ஓடவே இல்லையே. போய்க் கையை விட்டு எடுத்துவிட்டேன். பையன்களுக்குக் கோபம், ரீடிங் போச்சு என்று. சார் வந்து, "அட்டெண்டர் அட்டெண்டர் வேலையை மட்டும் பாருங்க" என்றார். வேறு எலியைக் கொண்டு வரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வால் மஞ்சள் எலியைத் தனிக் கூண்டில் போட்டேன். மறுநாள் காலை மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தீனி அப்படியே கிடந்தது. உமியைக் கிளறிப் படுக்கை கட்டவில்லை. மயிர் சிலிர்த்து, கண் இடுங்கி, காது பின்னால் ஒட்டி, கன்னம் உப்பி. அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் நூறு முறை பார்த்திருக்கிறேன். சொன்னால், எலிக்கு ஏது முகம் என்று சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதே முகத்தை அளவுகோலாக்கி வெளியிட்டார்களாம். இடுங்கிய கண், உப்பிய மூக்கு, உப்பிய கன்னம், காது, மீசை என்று ஐந்து அடையாளம், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். பேத்திதான் படித்துச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் இன்னும் சில படித்தாள். அதே மெக்கில்காரர்கள் 2006இல் கண்டது: வயிற்றில் அமில ஊசி போட்ட சுண்டெலி, அதே வலியில் இருக்கும் தன் கூண்டுத் தோழனைக் கண்ணால் பார்த்தால் இன்னும் அதிகமாகத் துடிக்கிறது; முன்பின் தெரியாத எலியாக இருந்தால் அப்படி இல்லை. நாங்கள் ஒரே கூண்டில் பிறந்து வளர்ந்தவற்றைத்தான் வரிசையாக உட்கார வைப்போம். இன்னொன்று 2014இல் வந்தது. ஆண்கள் பக்கத்தில் நின்றாலே, ஏன், ஆண் போட்டுக் கழற்றிய பனியன் பக்கத்தில் இருந்தாலே எலிகள் பயத்தில் வலியைக் குறைவாகத்தான் காட்டுகின்றனவாம். பெண்கள் நின்றால் அப்படி இல்லை. (இதைக் கேட்டு என் மனைவி ஒன்று சொன்னாள், பத்திரிகையில் போட முடியாது.) அப்படியானால் நானும் சாரும் சுற்றி நின்று அத்தனை வருஷம் எழுதிய வினாடிகளுக்கு என்ன மதிப்பு? வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரள்கிறது, குழாய்க்குள் ஏற விட்டோ இரு கையிலும் ஏந்தியோ எடுத்தால் மிரள்வதில்லை என்பதும் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாகவே வந்துவிட்டது. இது எந்த அட்டெண்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

சரி, இதற்காகச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை. என் தங்கை வீட்டுக்காரரை வாழைத் தோப்பில் கண்ணாடிவிரியன் கடித்தது. கால் தொடை வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்தார்கள். உறையவில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினார்கள். என் தங்கை தாலி நிலைத்தது. அந்த மருந்து எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறிய எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து எடுக்கிறார்கள். அந்த விஷமே செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அப்புறம், மருந்து வேலை செய்யுமா என்று பார்க்க விஷத்தையும் மருந்தையும் கலந்து சுண்டெலிக்கு ஊசி. எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்று எண்ணுகிறார்கள். ஒரு மில்லி மருந்து கண்ணாடிவிரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்க வேண்டும் என்று நம் நாட்டில் கணக்கு. அந்த 0.6 என்பது செத்த எலிகளையும் பிழைத்த எலிகளையும் எண்ணிப் பார்த்து உறுதிசெய்கிற எண். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது நான் எலியை நினைக்கவில்லை. குப்பியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தச் சோதனையும் எங்கள் பிராக்டிகலும் ஒன்றா? பெதிடின் என்ற வலி மருந்தைப் போட்டால் எலி தாமதமாகக் காலை நக்கும் என்பது நான் வேலைக்குச் சேருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே தெரிந்த சங்கதி. விடை மேனுவலில் அச்சாகி இருக்கிறது. பையன்கள் முந்தின வருஷத்து ரெக்கார்டைப் பார்த்தே வினாடிகளை எழுதிக்கொள்வார்கள். அப்படியும் ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு பேட்சுக்கும், தெரிந்த விடைக்காகத் தட்டைச் சூடாக்கினோம். என் மனதில் முள்ளாக நிற்பது இதுதான், பாம்பு விஷ எலி இல்லை.

சட்டம் இதை அனுமதித்ததா என்றால், அதுவும் இல்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பேத்தி எடுத்துக் காட்டினாள். புத்தகம், மாதிரி உருவம், படம் இவற்றால் கல்லூரிகளில் பாடம் நடத்த முடியும் என்றால் விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்வதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. நான் ஓய்வு பெறும்வரை அப்படி ஒரு வரி இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சோதனைகளைக் கட்டுப்படுத்தும் இப்போதைய விதிகள் 1998இல் வந்தன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. புதுச்சேரி ஜிப்மர் பேராசிரியர் ஆர். ரவீந்திரன் எக்ஸ்பார்ம் என்று ஒரு மென்பொருள் செய்தார். முயல் கண்ணில் சொட்டு விடுவதும் நாயின் ரத்த அழுத்தம் பார்ப்பதும் திரைக்குள் போயின. 2014இல் அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனை கூடாது என்று நாடு முழுவதும் தடை வந்தது. 2023இல் புது மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு இல்லாத முறைகளில் கிடைத்த முடிவுகளையும் ஏற்கலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனாலும், "கையால் எலியைத் தொடாமல் என்ன மருந்தாளுநர்?" என்று பழைய ஆட்கள் சிலர் இன்னும் பேசுவது என் காதுக்கு வருகிறது. அவர்கள் அந்த 17ஆவது பிரிவை ஒரு தரம் வாசித்துவிட்டுப் பேசலாம்.

இனிச் செய்ய வேண்டியது என்று எனக்குப் படுவதைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் நீளமான ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. நம்பர், எடை, டோஸ், ரியாக்‌ஷன் டைம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'சாக்ரிஃபைஸ்டு' என்று தலைப்பு. கொன்றோம் என்று எழுத மாட்டார்கள், பலி கொடுத்ததாகத்தான் எழுதுவார்கள். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்டதில்லை. வால் மஞ்சள் எலிக்கு நேரே அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான்தான். அது அந்த இரவு முழுக்க எப்படி இருந்தது என்று எழுத அந்த ரெஜிஸ்டரில் இடமே இல்லை. ரியாக்‌ஷன் டைமில் ஒரு கோடு. வேறு எலியின் ரீடிங் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அந்த ஒரு கட்டம் வேண்டும். சோதனை முடிந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் விலங்கு எப்படி இருக்கிறது, சாப்பிட்டதா, படுக்கை கட்டியதா, முகம் எப்படி, வலிக்கு என்ன கொடுத்தீர்கள், கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுகிற கட்டம். விஷமுறிவு மருந்து மாதிரி தவிர்க்க முடியாத சோதனையிலும் இது முடியும். எலி பிழைக்காது என்று பார்த்தாலே தெரிகிற நிலை ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் அது தானாகச் சாகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை, அங்கேயே முடித்துக் கணக்கில் சேர்க்கலாம். பிரிட்டனில் எத்தனை விலங்கு என்பதோடு, பட்ட பாடு லேசா, நடுத்தரமா, கடுமையா என்றும் பிரித்து அரசே வருஷா வருஷம் வெளியிடுகிறது. நாமும் வெளியிடலாம்.

கட்டத்தை யார் நிரப்புவது? ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கிறது. விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை உள்ள ஒருவர் என்று விதி எல்லோரையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. கூண்டு கழுவுகிறவனை மட்டும் நினைக்கவில்லை. நான் இருந்த காலத்தில் கூட்டம் நடக்கும் அறைக்குள் காபி டம்ளர் எடுத்துக்கொண்டு பல தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட, "அந்த எலிகள் இப்போது எப்படி இருக்கின்றன?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நின்றபடியே சொல்லியிருப்பேன், இரண்டு நிமிஷம் போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், இந்தக் கடிதத்தால் அவனுக்குத் தொல்லை வரக் கூடாது. ஊரை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அட்டெண்டர்,
வேலாயுதம்பாளையம், கரூர் மாவட்டம்.