உடைமையும் அளவும்

அன்புள்ள சந்தானம் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து தாங்கள் மீண்டும் காலை நடைக்குப் போகத் தொடங்கியது அறிந்து மகிழ்ச்சி. இங்கு யாவரும் நலம்.

சொத்து பலர் கையில் பரவியிருக்க வேண்டும் என்ற ஆங்கில எழுத்தாளர்கள் பெல்லாக், செஸ்டர்டன் ஆகியோரின் வாதம் சோஷலிசத்துக்கு மறுபெயர்தானே என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளியிடம் குவிந்ததை அரசிடம் குவிக்க முயன்றால், உடைமையற்றவன் பிழைப்புக்கு உத்தரவாதம் பெற்று, அதற்கு விலையாகச் சட்டப்படியே கூலி வேலைக்குக் கட்டுண்டு போவான் என்றுதான் 1912இல் பெல்லாக் எச்சரித்தார்.

இவர்கள் சிறு கடையையும் சிறு நிலத்தையுமே அதிகம் பேசினார்கள். பெரிய ஆலையை என்ன செய்வது என்பதில் அவர்கள் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மோந்த்ராகோன் என்னும் ஊரின் தொழிலாளர் கூட்டுறவுகளைத்தான் பார்க்க வேண்டும். 1941இல் அங்கு வந்த அரிஸ்மெந்தியாரியேதா என்னும் பாதிரியார் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற ஐவர் 1956இல் அடுப்பு செய்யும் பட்டறையை நிறுவினர். சேரும் தொழிலாளி ஒரு தொகையை மூலதனமாகக் கட்டுகிறார். லாபத்தில் அவர் பங்கு அவர் பெயரிலான கணக்கில் ஏறுகிறது. விலகும்போது அதை எடுத்துக்கொள்ளலாமே தவிர வெளியாருக்கு விற்க முடியாது. மூலதனம் எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. 1959இல் சொந்த வங்கியும் வந்துவிட்டதால், கடனுக்காக வெளியே கைகட்டி நிற்கும் நிலை பெரும்பாலும் நீங்கியது.

ஆனால் உடைமை பரவியதால் மட்டும் அளவு மீறிப் பெரிதாவதால் வரும் நோய் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பட்டறையின் வாரிசான, வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் ஃபாகோர் கூட்டுறவு, 2005இல் பிரான்சின் பிராண்ட் (Brandt) என்னும் நிறுவனத்தை வாங்கியது. வெளிநாட்டு ஆலைகளில் உழைத்தவர்களோ உறுப்பினர்கள் அல்லர், வெறும் சம்பளக்காரர்கள். வீடுகள் கட்டி விற்கும் சந்தை சரிந்து, கடன் பெருகி, சகோதரக் கூட்டுறவுகளும் இனிப் பணம் தர இயலாது என்று கைவிரித்த பிறகு, 2013இல் ஃபாகோர் திவாலானது. உறுப்பினர்களின் சேமிப்பு கரைந்தது உண்மை. எனினும் அவர்களில் பலருக்குக் குழுமத்தின் மற்றக் கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. வெளிநாட்டவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. என்னை உறுத்துவது இந்த வேறுபாடுதான்.

கூட்டுறவுத் துறையிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர் தாங்கள். தொலைதூர ஆலையில் இருப்பவருக்கும் வாக்குரிமை தந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா, அல்லது அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே தவறா? விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்