பழைய காபரேற்றரை வாளிக்குள் எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் எங்கள் சனம் பயணக் களைப்பு ஆறின கையோடு செய்யும் முதல் வேலை, கொட்டிலுக்குள் ஒரு வருசமாகச் சாக்கால் மூடிக் கிடந்த மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டி, தூசி துடைத்து, கிக்கரை உதைப்பதுதான். ஸ்ராட் வராது. சொக்கை இழுத்து இருபது தரம் உதைத்துவிட்டு கராச்சுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள், அங்கே "அண்ணை, காபரேற்றர் முடிஞ்சுது, புதுசு போடவேணும்" என்ற பதில் காத்திருக்கும். இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குள் வண்டி ஓடவேணுமே என்ற அவசரத்தில் அவர்களும் ஓம் என்றுவிடுவார்கள். வருசா வருசம் இதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் அந்தக் காபரேற்றர்களில் பெரும்பாலானவை முடிந்தவை அல்ல. கொஞ்சம் மினக்கெட்டுக் கழற்றிக் கழுவிப் பூட்டினால் இன்னும் பல வருசம் ஓடும்.

போன வருசம் எனக்கே இது நடந்தது. அப்பாவின் ஹோண்டா எம்டி 90, ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த வண்டி, எங்கள் வீட்டில் நாற்பது வருசத்துக்கு மேலாக நிற்கிறது. சிலோவில், அதாவது முறுக்காமல் விட்ட மெதுவான ஓட்டத்தில், நிற்காமல் அணைகிறது என்று ஒரு கராச்சில் விட்டேன். எந்த கராச் என்று சொல்ல விரும்பவில்லை, வேலை செய்த தம்பி நல்ல பிள்ளை, அவருக்குப் பழக்கினவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் காபரேற்றரைத் திறந்து, பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள ஜெற்றைக் கழற்றி, பழைய பிறேக் கேபிளில் இருந்து ஒரு உருக்குக் கம்பி இழையை உருவி, துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் நாலு தரம் இழுத்தார். வண்டி ஸ்ராட் வந்தது, நானும் சந்தோசமாக வந்துவிட்டேன். ஆனால் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடின வண்டி 33க்கு இறங்கிவிட்டது, பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. திரும்பக் கொண்டுபோனபோது நான் கடைக்குப் போய் வருவதற்குள் அசலைப் பார்த்துச் செய்த கொப்பி காபரேற்றர் ஒன்றைப் பூட்டி முடித்துவிட்டார்கள். பழையது எங்கே என்று கேட்டேன். மூலையில் கழிவு ஒயில் வாளி ஒன்று இருந்தது, அதற்குள்ளே கிடந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்தக் கம்பி விசயத்தைக் கொஞ்சம் விளக்கவேணும். சிலோவுக்குரிய சின்ன ஜெற்றில் 38 என்று எண் அடித்திருந்தால், அதன் துளை கிட்டத்தட்ட 0.38 மில்லிமீற்றர், ஐந்து தலைமயிர் சேர்த்த தடிப்பு. ஜெற் பித்தளை, கம்பி உருக்கு, எது தேயும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 0.38 ஆக இருந்தது 0.42 ஆனால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பளவு நூற்றுக்கு 22 பங்கு கூடிவிடும், அவ்வளவு பெற்றோலும் மேலதிகமாகப் போகும். பிறகு கலவையைச் சரிப்படுத்தும் காற்று ஸ்குறூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி சரிவராது, அப்போதுதான் "காபரேற்றர் முடிஞ்சுது" என்பார்கள். அதை முடித்தது அந்தக் கம்பி.

எங்கள் ஊரில் இந்த வேலை தெரியாமல் போனது எனக்கு நம்பவே கடினமாக இருக்கிறது. 1990க்குப் பிறகு பெற்றோல் இங்கே வராமல் தடுக்கப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது, ஆகவே சூப்பிப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்துக்கொண்டு காபரேற்றருக்குள் ஒரு பீச்சுப் பீச்சி ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். அப்பா சட்டைப் பையில் பேனையோடு அந்தச் சூப்பியையும் வைத்திருந்தார். மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக்கில் கரி கட்டும், தட்டும் சத்தம் கேட்கும். இதையெல்லாம் தாண்டி அந்த வண்டி பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, சந்தை என்று ஓடியது, யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு மூட்டைகளைச் சுமந்துகொண்டு சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தையும் தாண்டியது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா திண்ணையில் பழைய பேப்பரை விரித்துக் காபரேற்றரைக் கழற்றுவார். அவர் ஒரு நாளும் ஜெற்றுக்குள் உருக்குக் கம்பி விட்டதில்லை. சைக்கிள் பம்பால் காற்றடிப்பார், அதற்கும் போகாவிட்டால் லைற் வயருக்குள் இருக்கும் செப்பு இழை ஒன்றை மட்டும் எடுத்து மெல்ல விடுவார், செப்பு மெத்தென்றது, பித்தளையைத் தின்னாது.

சரி, வாளியில் இருந்து எடுத்ததை என்ன செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் ஸ்குறூ. ஜப்பான் வண்டிகளின் நட்சத்திர ஸ்குறூவின் வெட்டு, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்குறூ டிறைவரின் நுனியோடு சரியாகப் பொருந்தாது. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், ஆனால் இறுக்கித் திருப்பினால் டிறைவர் மேலே ஏறி வழுக்கித் தலையை உருட்டிவிடும். ஜப்பான் அளவு டிறைவர் ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. அது இல்லாவிட்டால், நுனி தேயாத டிறைவரை வைத்துப் பின்பக்கம் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து மெதுவாகத் திருப்புங்கள். எங்கள் பக்கத்துப் பழைய காபரேற்றர்கள் பாதி இந்த ஸ்குறூத் தலையில்தான் நாசமாகின்றன.

காபரேற்றரின் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணத்தைத் திறந்ததும் வந்த மணம் பெற்றோல் மணமே இல்லை, பழைய வார்னிஷ் மணம். பெற்றோலைக் கிண்ணத்தில் நிற்கவிட்டால் அதன் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். எங்கள் வெயிலுக்கு அதற்குச் சில மாதம் போதும். என்னுடையதில் அடியில் தேன்நிறத்தில் பிசின், அதன்மேல் செங்கல் தூள் மாதிரித் துரு, ஓரத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் வெள்ளைப் பூப்பு, பித்தளை ஜெற்றில் பச்சைக் களிம்பு. நாலும் நாலு கதை சொல்லும். துரு பெற்றோல் தாங்கியிலிருந்து வருகிறது, ஆகவே தாங்கியைப் பார்க்காமல் காபரேற்றரை மட்டும் கழுவினால் அடுத்த வாரமே திரும்பவும் அடைக்கும். நான் தாங்கிக்குள் வினாகிரி நிரப்பி இரண்டு நாள் விட்டு, அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்தேன்.

றப்பர் ஓ-றிங், கிண்ணத்துக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, ஊசி எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்த பிறகுதான் உலோகத்தை மட்டும் காபரேற்றர் கிளீனரில் ஊறவிட வேணும். றப்பரோடு சேர்த்து ஊறவிட்டால் றப்பர் பொங்கிவிடும், பிறகு தன் பள்ளத்துக்குள் இருக்காது. காற்று ஸ்குறூவைக் கழற்றுமுன் மெதுவாக அடி வரைக்கும் உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கினால் அந்த ஸ்குறூவின் ஊசிமுனையில் வடு விழும். ஊறின பிறகு ஒவ்வொரு வழிக்குள்ளும் கொம்பிரசர் காற்று. முக்கியமான சோதனை ஒன்று, ஜெற்றைப் பகல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான துளையில் வெளிச்சம் வட்டமாக ஒரு புள்ளியாகத் தெரியும். ஒரு பக்கம் நசிந்து பிறை மாதிரித் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது, திரும்ப ஊறப் போடுங்கள். என்னுடைய சின்ன ஜெற் மூன்றாம் நாள்தான் வட்டமானது, ஆனால் அது முன்பே கம்பி தின்ற ஜெற், ஆகவே அதே எண்ணில் புது ஜெற் ஒன்று தேடி வாங்கினேன். முழுக் காபரேற்றரின் விலையோடு பார்த்தால் ஜெற்றின் விலை சொல்லும்படியே இல்லை.

மிதவை ஊசியின் நுனியையும் பாருங்கள். கறுப்பு நுனியில் மோதிரம் போட்டதுபோலப் பள்ளம் விழுந்திருந்தால் அது பெற்றோலை நிறுத்தாது, கிண்ணம் நிரம்பி வழியும், சில வண்டிகளில் வழிந்த பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளவு கூடி, மணந்து பார்க்கும்போது பெற்றோல் மணம் வந்தால் வண்டியை ஸ்ராட் பண்ணவே வேண்டாம், முதலில் ஒயிலை மாற்றுங்கள். பித்தளை மிதவை உள்ள பழைய வண்டிகளில் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ஓட்டை இருப்பது தெரிந்துவிடும், உள்ளே தண்ணிச் சத்தம் கேட்கும். சுடுதண்ணீருக்குள் அமுக்கினால் எந்த இடத்தில் ஓட்டை என்று குமிழி காட்டும்.

அப்புறம் கடைசியாக எல்லாரும் மறக்கும் இடம், காபரேற்றர் எஞ்சினோடு சேரும் முகம். வருசக்கணக்காக இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கி இறுக்கி அந்த முகம் வளைந்திருக்கும், நடுவால் காற்று இழுக்கும், சிலோ நிற்காது. கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய சான்ட் பேப்பரை வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமப்படுத்திப் புது ஓ-றிங் போட்டேன். என் வண்டி முதன்முதலில் சிலோவில் அணைந்ததற்கு உண்மையான காரணமே இதுதான். ஜெற்றில் பிசின் கொஞ்சம் இருந்தது உண்மை, ஆனால் கம்பி விட்ட தம்பி இந்த முகத்தைப் பார்க்கவேயில்லை. எல்லாம் பூட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஸ்குறூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிச் சத்தம் ஆகக் கூடும் இடத்தில் விட்டு, பிறகு சிலோவைக் குறைத்தேன். இப்போது பிளக் கோப்பி நிறத்தில் இருக்கிறது. வண்டி 44 ஓடுகிறது.

இது காசு விசயமும்தான். 2020இல் இறக்குமதியை நிறுத்தின பிறகு மோட்டார் சைக்கிள் விலை போன போக்கை எல்லாரும் பார்த்தோம். 2022இல் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான், அந்த நேரம் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் குறைந்தால் கிழமைக்கு 48 கிலோமீற்றர் இல்லை, கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாணம் போய் வேலை செய்பவருக்கு அது எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்பி காபரேற்றர் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை, காபரேற்றரின் உடலே வெடித்திருந்தால் வேறு வழியில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஜெற்றும் ஊசியும் உங்கள் எஞ்சினுக்கென்று கணித்தவையாக இருக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை, பழையது அந்த எஞ்சினுக்கென்றே செய்து வந்தது.

ஆகவே கராச் வைத்திருக்கும் தம்பிமாரிடம் என் வேண்டுகோள், காபரேற்றரை மாற்றவேண்டி வந்தால் மாற்றுங்கள், ஆனால் கழற்றினதைச் சொந்தக்காரரின் கையில் கொடுங்கள். அது அவருடைய பொருள். இங்கே உள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயிற்சி நிலையங்களிலும் படிப்பிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். புது வண்டிகளில் ஊசிமூலம் பெற்றோல் பீச்சும் முறை வந்துவிட்டது, அதைப் படிப்பியுங்கள், ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் ஓடும் சி 90, சிடி 125, சிடி 200 எல்லாம் இன்னும் காபரேற்றரில்தான் ஓடுகின்றன, அதற்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். மண்ணெண்ணெய்க் காலத்தில் கை பழகின மெக்கானிக் ஐயாமார் கொஞ்சப் பேர்தான் மிச்சம். அவர்களைக் கூப்பிட்டு மாணவர்களுக்கு முன்னால் ஒரு காபரேற்றரைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் பத்திரிகையும் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதவேணும் ஐயா, ஞாயிறு மலரில் அரைப் பக்கம் போதும்.

திருவிழா முடிந்து திரும்பப் பறக்கிறவர்களுக்கு, போகிற அன்று பெற்றோல் டாப்பை மூடிவிட்டு வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், பிறகு கிண்ணத்தின் அடி ஸ்குறூவை இளக்கி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். ஐந்து நிமிச வேலை. சாவியை வீட்டில் நிற்பவர்களிடம் கொடுக்கும்போது மாதம் ஒருக்கால் ஸ்ராட் பண்ணச் சொல்வதைவிட இது மேல். அவர்கள் இரண்டு நிமிசம் இயக்கிவிட்டுக் கிண்ணம் நிறையப் பெற்றோலோடு நிறுத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.