சைக்கிளை முந்தும் வண்டிக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
சைக்கிள் பழுது பார்க்கும் கடை உரிமையாளர்,
நீடாமங்கலம் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 138(1ஏ)-ன் கீழ் வகுக்கப்படும் விதிகளில், சைக்கிளை முந்தும் வாகனங்கள் விட வேண்டிய இடைவெளியை நிர்ணயிக்கவும், சைக்கிள் ஓட்டுவோருக்கு ஹெல்மெட் அபராதம் விதிக்காதிருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர், ஓவராயிலிங், கோட்டம் எடுப்பது, இதுதான் தொழில். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சாலையில் சைக்கிளுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறவன் என்பதால் இந்த மனுவை எழுதுகிறேன்.

மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் மாநில அரசு விதி வகுக்கலாம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 138(1ஏ) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இது தெரிந்ததிலிருந்து எங்கள் பக்கம் டீக்கடையில் ஒரே பேச்சு: இனி சைக்கிளுக்கும் ஹெல்மெட், போடாவிட்டால் அபராதம். உண்மையா பொய்யா தெரியாது. விதி எழுதும்போது கைக்கு முதலில் வருவது அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பயம் இருக்கிறது. எழுதுவதற்குச் சுலபம், அரசுக்குச் செலவும் இல்லை, பிடிப்பதற்கும் ஆள் அகப்படும்.

ஹெல்மெட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தலைக்கு அது நல்லதுதான். ஆனால் அது எந்த அடிக்கு நல்லது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டு. அதாவது மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில் தலை தரையில் மோதினால் என்ன ஆகும் என்பதுதான் சோதனை. தானாக வழுக்கி விழும் பிள்ளைக்கு அது உயிர் காக்கும் பொருள். பேருந்தின் பின் சக்கரத்துக்கு அடியில் போய் விழுகிற பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

எப்படி விழுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கடைக்கு வரும் வண்டியே நடந்ததைச் சொல்லிவிடும். பின் சக்கரம் எட்டாக மடங்கி, மட்கார்டு சுருண்டு, கேரியர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பின்னாலிருந்து இடித்திருக்கிறார்கள். இது குறைவு. நிறைய வருவது வேறு மாதிரி. வலது பெடல் உள்ளே வளைந்திருக்கும், ஹேண்டில்பாரின் வலது முனை தேய்ந்திருக்கும், முன் டயரின் வலது பக்கச் சுவரில் நீளமாக ஓர் உராய்வு இருக்கும். எந்த வண்டியும் தொட்ட தடம் இருக்காது. நடந்தது இதுதான். பின்னால் பேருந்து ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. பிள்ளை மிரண்டு இடது பக்கம் ஒதுங்குகிறது. தார் முடிந்து மண்ணில் முன் சக்கரம் இறங்கிவிடுகிறது. எங்கள் சாலைகளில் ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள், ஓரத்து மண்ணை உயர்த்துவதில்லை. அதனால் விளிம்பில் நான்கு விரற்கடை, சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். பிள்ளை திரும்ப மேலே ஏற்றப் பார்க்கும். சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டு ஏறாமல் நிற்கும், உடம்பு மட்டும் வலது பக்கம் போகும். அதாவது விழுவது வாய்க்கால் பக்கம் இல்லை, சாலைப் பக்கம். அந்த நேரத்தில் பேருந்து எவ்வளவு தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் கையில் சிராய்ப்பா, உயிரா என்பதைத் தீர்மானிக்கிறது. இப்படி விழுந்து எழுந்து வருகிற எதுவும் எஃப்.ஐ.ஆரில் ஏறுவதில்லை. யாரும் இடிக்கவில்லையே!

ஆகவே என் முதல் கோரிக்கை, உண்மையில் ஒரே பெரிய கோரிக்கை: சைக்கிளை முந்துகிற எந்த மோட்டார் வாகனமும் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி முந்த வேண்டும், அந்த இடம் கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை பின்னாலேயே வர வேண்டும் என்று விதியில் அளவோடு எழுதுங்கள். 2017-ல் மத்திய அரசு கொண்டு வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளில், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது. கவனம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் ஓட்டுநருக்கும் சொல்லத் தெரியாது, காவலருக்கும் தெரியாது. ஒன்றரை மீட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் சாலைகளில் இது நடக்குமா என்று தாங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேருந்தின் அகலம் அதிகபட்சம் 2.6 மீட்டர். ஐந்தரை மீட்டர் தார்ச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு பேருந்துகள் ஒரே இடத்தில் கடந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து மிச்சம் 30 சென்டிமீட்டர். சைக்கிள் ஹேண்டில்பாரே அதைப் போல இரண்டு மடங்கு அகலம். ஏழு மீட்டர் சாலையிலும் சைக்கிளுக்கு ஒரு மீட்டர், இடைவெளி ஒன்றரை, பேருந்து 2.6 என்று வைத்தால் நடுக்கோட்டைத் தாண்டித்தான் முந்த முடியும். எதிரே வண்டி வந்தால் முந்தவே முடியாது. ஆக, இந்த விதியின் அர்த்தம் ‘கொஞ்சம் பொறு’ என்பதுதான். எதிர் வண்டி கடக்கும் வரை சில நொடிகள். அதற்கு மேல் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வெளிநாட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்கு ஹெல்மெட்டை உலகில் முதன்முதலாகச் சட்டமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். தலைக்காயம் குறைந்தது. கூடவே மெல்போர்னில் சைக்கிள் ஓட்டும் பதின்வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. குறைந்த காயத்தில் ஹெல்மெட்டுக்கு எத்தனை பங்கு, ஓட்டுவதையே விட்டுவிட்டதற்கு எத்தனை பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. அதே விக்டோரியா 2021-ல் தனியாக இன்னொரு விதி கொண்டு வந்தது: 60 கிலோமீட்டர் வேகம் வரையுள்ள சாலையில் சைக்கிளை ஒரு மீட்டர் தள்ளியும், அதற்கு மேற்பட்ட வேகச் சாலையில் ஒன்றரை மீட்டர் தள்ளியும் முந்த வேண்டும். ஹெல்மெட் போட்டும் போதவில்லை என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு முப்பது வருடம் ஆனது. ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று 2020-ல் எழுதிவிட்டார்கள். அங்கே பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை.

நம் ஊரில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினால் அபராதம் கட்டப்போவது யார்? எங்கள் சாலையில் சைக்கிளில் வருகிறவர்கள் மூன்று வகை. அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். மண்வெட்டியைக் குறுக்கே கட்டிக்கொண்டு வயல் வேலைக்குப் போகும் பெரியவர்கள். கேன் மாட்டிய பால்காரர்கள். பைக் ஓட்டுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் வலிக்கும், ஆனால் கட்டுவார். இவர்களிடம் அதில் பாதி கேட்டாலும் அன்றைய கூலி போய்விடும். 2015 ஜூலையில் பைக்குக்கு ஹெல்மெட் கெடுபிடி வந்தபோது சாலையோரத்தில் மலிவு ஹெல்மெட் குவிந்ததை எல்லோரும் பார்த்தோம். தலையைக் காக்க வாங்கியவர்களைவிடப் போலீசுக்குக் காட்ட வாங்கியவர்கள்தான் அதிகம். அதே கதை பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் நடக்க வேண்டுமா? இன்னும் ஒரு கவலையும் உண்டு. அபராதத்துக்குப் பயந்து சைக்கிளை நிறுத்தும் வீட்டில், பையன் லைசென்ஸ் இல்லாமல் அப்பாவின் பைக்கை எடுப்பான். பெண் பிள்ளை படிப்பை நிறுத்தும்.

படிப்பு பாதியில் நிற்கக் கூடாது என்றுதானே அந்தச் சைக்கிளே வந்தது? 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06-லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம். ஹெல்மெட் அவசியம் என்று அரசு கருதினால், அதைச் சைக்கிளோடு சேர்த்து விலையில்லாமல் கொடுக்கட்டும். பைக் ஹெல்மெட் அல்ல. ஒரு கிலோ கனத்தில் காதை மூடும் அதைப் போட்டுக்கொண்டு நம் வெயிலில் யாராலும் சைக்கிள் மிதிக்க முடியாது, பின்னால் வரும் வண்டிச் சத்தமும் சரியாகக் கேட்காது. காற்றுத் துளை வைத்த லேசான சைக்கிள் ஹெல்மெட்டாக இருக்க வேண்டும். அதைவிட முன்னால் கொடுக்க வேண்டியது விளக்கு. என் கடைக்கு வரும் விலையில்லாச் சைக்கிள்களில் விளக்கு இல்லை. பின் மட்கார்டு பிரதிபலிப்பான் முதல் வருடத்திலேயே உடைந்துபோகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து மார்கழியில் ஆறரை மணிக்குத் திரும்பும் பிள்ளை, பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கேரியருக்குக் கீழே ஒரு சிவப்பு மின்விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு. பெரிய செலவு இல்லை.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போவது, டபுள்ஸ் வைத்து எதிர்த்திசையில் வருவது, காதில் இயர்போன், கட்டை தேய்ந்து ரிம்மில் இரும்பு உரசும் வரை பிரேக்கைப் பார்க்காதது, எல்லாம் உண்டு. இதற்கும் விதி எழுதுங்கள், தவறே இல்லை. பள்ளியில் சைக்கிள் வழங்கும் நாளிலேயே அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலும் போதும். எங்கள் பகுதிப் பள்ளிகளில் என்றால் நானே வந்து பிரேக் பார்த்துத் தருகிறேன்.

ஓட்டுநர் பக்கம் ஒரு வேண்டுகோள். எட்டு போட்டுக் காட்டினால் பைக் லைசென்ஸ் கிடைக்கிறது. சைக்கிளை எப்படி முந்துவது என்று யாரும் கேட்பதில்லை. கனரக வாகன உரிமம் எடுப்பவரையும் புதுப்பிப்பவரையும் ஒருமுறை சைக்கிளில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு பேருந்தை நெருக்கமாக ஓட்டிக் காட்டினால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். ஏர் ஹாரன் ஏற்கெனவே தடை செய்யப்பட்டது. அதைப் பிடித்தாலே பாதி பிள்ளைகள் மிரளாமல் போவார்கள்.

சாலை ஓரத்தைப் பற்றி மேலே சொன்னேன். அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை என்பது தெரியும். ஆனால் தேசிய நெடுஞ்சாலை தவிர்த்த மற்றச் சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்துக்குப் பிரிவு 210டி-யின் கீழும் இப்போது விதி வகுக்கச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம். புதுத் தார் போட்ட பிறகு ஓரத்து மண்ணை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் என்று அதில் ஒரு வரி சேர்க்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காய்வதும் சைக்கிளை நடுச் சாலைக்குத் தள்ளுகிறது. அதற்கு விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, களம் கட்டிக் கொடுத்தால் அவர் ஏன் சாலைக்கு வருகிறார்?

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். 138(1ஏ) தேசிய நெடுஞ்சாலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ‘ஒழுங்குபடுத்துவது’ என்ற பெயரில் சைக்கிளுக்கு அங்கே தடை வந்துவிடக் கூடாது. நாகப்பட்டினம் – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர்களுக்கு நடுவில்தான் போகிறது. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு. இணைச் சாலை போட்டுக் கொடுத்த பிறகு வேண்டுமானால் தடையைப் பற்றிப் பேசலாம்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை கொடுக்கும் திட்டத்தை நம் அரசுதான் கொண்டு வந்தது. அதற்கு நன்றி. நான் கேட்பது அந்த ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய சில நொடிகளுக்கான ஏற்பாடு.

வரைவு விதிகளை இறுதி செய்வதற்கு முன் தமிழில் வெளியிட்டு, எங்களைப் போன்றவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கு முன் தாங்களோ தங்கள் அலுவலர்களோ இந்தச் சாலையை நேரில் பார்க்க விரும்பினால், மாலை நாலே காலுக்குப் பள்ளி விடும் நேரத்தில் வாருங்கள். நல்ல பிரேக்குள்ள சைக்கிள் ஒன்று கடையில் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)

இடம்: நீடாமங்கலம்
நாள்: 5.1.2026

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவாரூர்.