ஒரு 'எ' செய்த வேலை

அன்புள்ள கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய மெசேஜில், "ஐ ஹேவ் கம்பெனி, அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்று இருந்தது. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாள், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உன் அம்மாவிடம் போய்ப் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டு, "வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க" என்றாள். போட்டுக்கொண்டும் பார்த்தேன், அதே சொல்தான்.

சரி என்று அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு 'எ' விட்டுப்போயிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். 'ஐ ஹேவ் எ கம்பெனி' என்றிருந்தால்தான் நிறுவனம். 'எ' இல்லையென்றால் விருந்தாளி, பேச்சுத்துணை. ஓர் எழுத்தைக் கவனிக்காமல் உன்னை முதலாளி ஆக்கிவிட்டேன்.

அந்தச் சொல்லின் வேர் இன்னும் சுவாரசியம். லத்தீனில் 'கோம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்கிற கூட்டாளிதான் 'கம்பேனியன்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கம்பெனி' என்பது கூட்டம், துணை என்றுதான் இருந்தது. வியாபாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1600-ல் லண்டனில் சாசனம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியை நம்மவர்கள் 'கும்பெனி' என்றார்கள். ரொட்டியைப் பகிர்ந்துகொள்கிற சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு அவர்கள் பகிர்ந்த லட்சணம் ஊரறிந்தது!

ராணுவத்தில் நூறு, நூற்றைம்பது வீரர்கள் கொண்ட பிரிவும் கம்பெனி. நாடகக் குழுவும் கம்பெனி. 'பார்ட் கம்பெனி' என்றால் அவரவர் வழியில் பிரிந்து போவது. எனக்குப் பிடித்தது 'பிரசன்ட் கம்பெனி எக்செப்டட்'. யாரையாவது கூட்டமாகத் திட்டும்போது, 'இங்கே இருக்கிறவர்களைத் தவிர' என்று தப்பித்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கு நிறையவே உதவும்.

இன்னொன்று. ஆங்கிலேயன் 'கீப் மீ கம்பெனி' என்கிறான், அதாவது கம்பெனியை வைத்திருக்கிறான். நாம் கம்பெனி 'கொடுக்கிறோம்'. "சும்மா வா, கம்பெனி குடு" என்று நீ சின்ன வயதில் கைப்பிடித்து இழுப்பாயே, அது நம் தமிழ்தான். என்னைக் கேட்டால் நம்முடையதே மேல்.

அன்றைக்கு வந்திருந்த கம்பெனி யார் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா