எஞ்சின் மாற்றிய அம்பாசிடருக்கு ஷ்ரவுட் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 1,489 சிசி எஞ்சினோடு வந்த பழைய அம்பாசிடர்களில் இசுசு 1,817 சிசி பெட்ரோல் எஞ்சினை ஏற்றுவது நம் பட்டறைகளுக்குப் பழகிய வேலை. ஆனால் அப்படி மாற்றிய வண்டிகள் பலவற்றில் ஷ்ரவுட், அதாவது ரேடியேட்டரின் பின்பக்கம் ஃபேனைச் சுற்றி வரும் தகரக் கூடு, இருப்பதில்லை. எஞ்சினோடு வந்த கூடு இந்த ரேடியேட்டரில் உட்காராது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் நாலு சிக்னல் நின்றால் முள் சிவப்புக்குப் போகிறது. உடனே தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வை, பிடுங்குகிறார்கள். அது தவறான வைத்தியம். நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

நிற்கும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலும் சூடேறினால் அடைத்த ரேடியேட்டர், பம்ப் உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், பிளக் தீப்பொறியின் டைமிங், எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு ஷ்ரவுட் மருந்தல்ல.

கணக்கு எளிது. கோர் என்பது ரேடியேட்டரில் காற்று புகுந்து போகும் நடுப்பகுதி. 450க்கு 400 மில்லிமீட்டர் கோரின் பின்னால் 350 மில்லிமீட்டர் ஃபேன் சுழன்றால், அது மறைப்பது கோரில் பாதிக்குச் சற்றே அதிகம். மூலைகளில் காற்று இழுக்கப்படுவதே இல்லை. மேலும், பிளேட் நுனியைச் சுற்றிச் சூடான காற்று மறுபடி முன்னால் வந்துவிடுகிறது. கூடு இருந்தால்தான் முழுக் கோர் வழியாகவும் காற்று வரும்.

அளவெடுக்கும் முன் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களைப் புதிதாகப் போட்டு, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரின் போல்ட்டுகளையும் முறுக்கிவிட வேண்டும். தொய்ந்த ரப்பரில் எடுத்த அளவு பின்னால் பொய்த்துப்போகும். அடுத்து, கூட்டில் ஃபேன் சுழலும் வட்டத் திறப்பான வளையத்தின் மையம் ரேடியேட்டரின் மையம் அல்ல, ஃபேனின் மையம். மாற்றிய எஞ்சினில் இவை இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம், பெரும்பாலும் தவறு நடப்பதும் இங்கேதான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் பின்னால் அட்டை வைத்து, ஃபேனைக் கையால் சுற்றி நாலு இடத்தில் நுனியைக் குறியுங்கள். அந்த வட்டத்துக்கு வெளியே சுற்றிலும் 20 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் பக்கவாட்டில் சாயும், 10 மில்லிமீட்டர்தான் விட்டால் பிளேட் உரசும்.

பிளேட் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வளையத்துக்குள் இருக்கட்டும், மீதி எஞ்சின் பக்கம் வெளியே நிற்கட்டும். முழுதும் உள்ளே போனால் காற்று வெளியேறத் திணறும். கோருக்கும் பிளேடுக்கும் 25 மில்லிமீட்டராவது வேண்டும், ஏனெனில் பிரேக் போட்டால் எஞ்சின் முன்னுக்கு நகரும். ஃபேன் தொலைவில் இருந்தால் கூட்டை ஆழமாக்குங்கள். ஃபேனுக்கும் பம்புக்கும் இடையே நீளமான ஸ்பேசர் துண்டு வைத்து ஃபேனை முன்னுக்குத் தள்ளினால் வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் போகும்.

தகரம் 20 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போதும். வளையத்தின் விளிம்பை மடித்துவிடுங்கள், இல்லையென்றால் அதிர்வில் வெடிப்பு விடும். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டாகச் செய்வது நல்லது, பெல்ட் மாற்ற ரேடியேட்டரை இறக்க வேண்டியிராது. கூட்டை எஞ்சினோடு கட்டக் கூடாது, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் ரப்பர் வாஷரோடு 6 எம்எம் போல்ட் போடுங்கள். ரேடியேட்டரின் தண்ணீர் டேங்கிலோ கோரிலோ திருகு இறக்கவே கூடாது. கோர் ஓரத்தில் ரப்பர் பீடிங் வைத்து இடைவெளியை அடையுங்கள். விரல் நுழையும் சந்து இருந்தால் காற்று கோர் வழியே வராது, அந்தச் சந்து வழியே வரும்.

வேலை சரியா என்று பார்க்க ஒரு தாள் போதும். எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கிரில் பக்கமிருந்து கோரின் நாலு மூலையிலும் தாளை வையுங்கள். எல்லா மூலையிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாத மூலைக்கு நேர் பின்னால் கூட்டில் சந்து இருக்கும்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்.