காண்டாக்ட் ஷீட் வந்தது

அன்பு மகளுக்கு,

ரோல் முழுவதையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டும் நெகட்டிவும் வந்து சேர்ந்தன. உறையை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தேன், கடிதம் இல்லை. ஷீட்டின் பின்பக்கம் ஷட்டர், அபர்ச்சர் எண்கள் மட்டும். பரவாயில்லை, படிப்புச் சுமை இருக்கும்.

முதல் ரோலுக்கு இது நல்ல வேலை. பார்த்தவர்களிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 9, 10-ஆம் ஃப்ரேம்களில் நெகட்டிவ் பால் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது, பார். கழுவுவதற்காக ஃபிலிமைச் சுருட்டி ரீலில் ஏற்றும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்துக்குப் படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பரும் போகாது, அதை நிலைக்கவைக்கும் ஃபிக்சரும் போகாது. பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலே ஃபிலிம் சிக்கிக்கொள்ளும். ரீல் காய வேண்டும், அப்புறம்தான் ஃபிலிம். வீணான ஃபிலிம் ஒன்றை வெளிச்சத்தில் பத்துத் தடவை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை ஏற்றிப் பழகு.

வானத்தில் தெரியும் கரும்புள்ளிகள் தூசி அல்ல. தூசியென்றால் வெள்ளையாக விழும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்த இடம் அது. ரீல் இருக்கும் டேங்கில் டெவலப்பர் ஊற்றி மூடியதும் முதல் 30 வினாடி அதை விடாமல் கவிழ்த்து நிமிர்த்து, பிறகு நிமிடத்துக்கு 10 வினாடி. ஒவ்வொரு தடவையும் டேங்கை மேசைமேல் இரண்டு தட்டு தட்டினால் குமிழி விட்டுவிடும். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கட்டும். சூடு கூடினால் அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறை, குத்துமதிப்பு வேண்டாம். ஃபிக்சரில் முதலில் ஃபிலிம் நுனித் துண்டு ஒன்றைப் போட்டுப் பார். அது தெளிய ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு வை.

17-ஆம் ஃப்ரேம் ஷேக் ஆகியிருக்கிறது. 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/15 வினாடியில் எடுத்தால் வேறென்ன ஆகும்? 1/60-க்குக் கீழே போகாதே.

36 படங்கள். படிக்கட்டு, ஜன்னல், காலி நாற்காலி. ஆள் ஒருவர்கூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை அம்மா, ஆளை எடுப்பது தனிப் பயிற்சி. அறைத்தோழியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வை. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஒளியை அளக்கும் மீட்டரை முகத்தருகே கொண்டுபோய் அளவெடு. ஃபோகஸ் உனக்குக் கிட்டே இருக்கும் கண்ணில்.

நீ முதன்முதலில் எடுத்த படத்தைக் காட்டியபோது, அடிவானம் சாய்ந்திருக்கிறது என்றேன். எதை எடுத்தாய் என்று கேட்கவே இல்லை. இந்தக் கடிதத்திலும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

தோழிக்கு நேரமில்லையென்றால் செல்ஃப் டைமர் இருக்கிறது. 22-ஆம் ஃப்ரேமில் இருக்கும் அந்த நாற்காலியே போதும். கேமராவை மேசையில் வைத்து, நாற்காலியின் சாய்மானத்தில் ஃபோகஸ் செய்துவிட்டுப் போய் உட்கார். ஷட்டர் 1/30, அபர்ச்சர் எஃப் 4, அசையாமல் இரு. ஷேக் ஆகியிருந்தாலும், புள்ளி விழுந்திருந்தாலும் அந்த ஒரு ஃப்ரேமை அனுப்பு.

ரீல் காய்ந்திருக்கட்டும்.

அப்பா