வோரிகோனசோல் லெவல்: சேகருக்கு ஒரு பதில்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இப்போது என்னை எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். பாதி நாள் பூஞ்சை மருந்துகளோடு போய்விடுகிறது.

"கிலோ கணக்குப் பார்த்துத்தானே டோஸ் போடுகிறோம், அப்புறம் ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்ப்பது எதற்கு?" என்று கேட்டிருந்தாய். ஃப்ளூகோனசோலுக்கு அந்தக் கேள்வி சரிதான், பெரும்பாலும் தேவைப்படாது. வோரிகோனசோல் வேறு ரகம். ஒரே எடை, ஒரே டோஸ். ஒருவருக்கு லெவல் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தொடாது, பக்கத்துக் கட்டில்காரருக்கு 6-ஐத் தாண்டி நிற்கும். இந்த மருந்தைச் சிதைக்கிற சி.ஒய்.பி.2சி19 என்ற கல்லீரல் நொதிதான் முக்கியக் காரணம். ஆசியர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு அது மந்தம். இன்னொரு வம்பும் உண்டு: வாய்வழி டோஸை 200-லிருந்து 300 மில்லிகிராமாக ஏற்றினால், உடம்பு சந்திக்கும் மருந்து சராசரியாக இரண்டரை மடங்காகிவிடும். "கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பகீரென்கிறது.

போன மாதம் ஒரு பெரியவர், நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. சுவரில் எறும்பு சாரைசாரையாகப் போகிறது என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. வயசாகிவிட்டது, ஆஸ்பத்திரி பயம் என்று வீட்டார் சொன்னார்கள். டிரஃப், அதாவது அடுத்த டோஸுக்கு முன்னால் இருக்கும் லெவல், எடுத்தோம்: லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல். 1 முதல் 5.5 வரைதான் நாங்கள் குறிவைப்பது. டோஸைக் குறைத்ததும் எறும்புகள் போய்விட்டன. ஆனால் அவருக்கு அப்போது சி.ஆர்.பி. என்ற அழற்சி காட்டும் ரத்த அளவு எகிறிக் கிடந்தது. உடம்பில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கும். அழற்சி தணிந்ததும் அதே குறைத்த டோஸில் லெவல் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி பார்க்காமல் விட்டிருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

உன் ஆஸ்பத்திரியில் இந்த லெவல் பரிசோதனையை ஆரம்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மெஷினைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே, ரத்தம் எடுக்கிற நேரத்தைப் பிடித்துக்கொள். மருந்து தொடங்கி இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில், அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால். மருந்து ஏறின அதே நரம்புக் குழாயிலிருந்து (லைன்) எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். கூட ஓடும் மருந்துகளையும் எழுதச் சொல். வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல் லெவலைத் தூக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அடியோடு வீழ்த்திவிடும், அதோடு வோரிகோனசோலைச் சேர்க்கவே கூடாது. ரிசல்ட் நாலு நாள் கழித்து வருமென்றால், என்னைக் கேட்டால், அந்தப் பரிசோதனை ஃபைலுக்குத்தான் ஆகும்.

இன்னொரு பூஞ்சை மருந்தான போசகோனசோலில் சிரப்பை விட்டு மாத்திரைக்கு மாறிவிடு, தலைவலி பாதி குறையும். அதன் லெவல் தடுப்புக்கு 0.7, சிகிச்சைக்கு 1-க்கு மேல் இருந்தால் போதும். இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் ரிப்போர்ட் வந்தால் எந்த முறையில் அளந்தார்கள் என்று கேள். மருந்தைத் தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி.யில் வரும் எண்ணைவிட, பூஞ்சையை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து அளக்கும் பயோஅசேயில் பல மடங்கு கூடுதலாக வரும், ஏனென்றால் உடம்பில் இந்த மருந்து மாறி உண்டாகும், பூஞ்சையைத் தடுக்கும் ஹைட்ராக்ஸி வடிவத்தையும் பயோஅசே சேர்த்தே எண்ணும்.

உங்கள் ரெக்வெஸ்ட் ஃபார்மில் கடைசி டோஸ் நேரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதா? ஃபார்மை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி